அளவுகோலைத் தேர்தல்

ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் பிற்பகற் கொழுந்து மடுவத்துக்கு வந்து சேரும் வேளையை அறியாதார் மலையகத்தில் இலர். மேட்டு மலையிலிருந்தும் பள்ளத்து மலையிலிருந்தும் பெண்கள் கூடையும் சாக்குமாக இறங்கி வருகின்றனர். தராசு தொங்குகிறது; கணக்கப்பிள்ளை கொப்பியும் கையுமாக நிற்கின்றார்; சற்றுத் தள்ளி லொறி காத்திருக்கிறது. அன்றைய வேலை நன்றாக நடந்ததா என்று ஒருவர் கேட்டால், அந்த மடுவத்திலேயே மூன்று விடைகள் கிடைக்கும். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கிலோ நிறுக்கப்பட்டது என்பது தொழிற்சாலையின் கேள்வி. எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க நேர்ந்தது என்பது கொழுந்து பறித்தவளின் கேள்வி. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்த கிலோ நியாயமானதா, பெயருக்கு நேரே எழுதிய எண் சரியானதா என்பது அவளுடைய இரண்டாவது கேள்வி. சம்பள நாளிலே அதுவே முதற் கேள்வியாகிவிடும்.

மூன்றும் நல்ல கேள்விகளே. ஆயின் மூன்றுக்கும் ஒரே விடை இல்லை. விரைந்து நிறுத்தால் எண் பிழைக்கலாம். ஒவ்வொரு கிராமையும் நின்று பார்த்தால் வரிசை நீளலாம். எந்த அளவை மேலிடம் பாராட்டுகின்றதோ, அந்த அளவுக்கேற்ப மடுவத்தின் நடைமுறையும் நாளடைவில் வளைந்து கொடுக்கும். கிலோவை மட்டும் பாராட்டினால், இரண்டு இலையும் ஓர் அரும்புமாக வரவேண்டிய கூடையில் முற்றிய இலையும் சேர்ந்தே வரும். அதற்காகப் பறிப்பவரைக் குறை கூறிப் பயனில்லை. அளவுகோலைத் தேர்ந்தவரே அதற்குப் பொறுப்பாவார்.

இன்றைய கணினி உலகிலும் இதே கேள்வி வேறு கோலத்தில் எழுந்து நிற்கின்றது. நிகழ்வுச் செயலாக்க மென்பொருள் என்று ஒரு வகை உண்டு. சாதாரணக் கணினி நிரல், சேர்த்து வைத்த தரவை எடுத்து, வேண்டியபோது ஆராய்ந்து விடை கூறுவது. இஃது அவ்வாறன்று. ஒன்றன்பின் ஒன்றாக ஓயாது வந்துகொண்டிருக்கும் செய்திகளை, வந்த கணத்திலேயே பார்த்து, அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் கோலத்தைக் கண்டுபிடித்து, உடனே அறிவிப்பது இதன் தொழில். வங்கியட்டை ஒன்று கொழும்பில் பயன்பட்ட ஐந்து நிமிடத்தில் வேறொரு நாட்டில் பயன்படுமாயின் அது களவு என்று ஐயுறுவது ஒரு கோலம். மழைமானி ஒன்று கடந்த இருபத்துநான்கு மணித்தியாலத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதென்று காண்பது மற்றொரு கோலம். இத்தகைய ஒவ்வொரு சிறு செய்தியையும் நிகழ்வு என்பர்.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் லக்கம். அவர் 2002 ஆம் ஆண்டு நிகழ்வுகளின் ஆற்றல் பற்றி எழுதிய நூல் இத்துறைக்கு வழிகாட்டியாயிற்று. இலங்கைக்கும் இதிற் பங்குண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆய்வாகத் தொடங்கி, 2011 ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த ‘சித்தி’ என்னும் நிகழ்வுச் செயலாக்கப் பொறி, பின்னர் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற இலங்கை மென்பொருள் நிறுவனத்தின் கைக்கு வந்து, திறந்த மூல மென்பொருளாகப் பிற நாடுகளிலும் பயன்படலாயிற்று. கருதியது கைகூடுதல் என்பது சித்தி என்னும் சொல்லின் பொருள். பொருத்தமான பெயரே, ஆயினும் எதைக் கருதினோம் என்பதை முதலில் தெளிந்தாலன்றோ அது கைகூடிற்றா என்று பார்க்க இயலும்?

இத்தகைய பொறிகளை ஒப்பிடுவோர் வழக்கமாக முதலிற் கேட்பது, ஒரு செக்கனில் எத்தனை நிகழ்வுகளைச் செயலாக்கும் என்பதே. இதனைச் செயல்வீதம் எனலாம். மடுவத்தில் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோ என்பது போன்றது இது. இரண்டாவது அளவு தாமதம். ஒரு நிகழ்வு பிறந்த கணத்துக்கும் அதற்குரிய விடை வெளிப்பட்ட கணத்துக்கும் இடைப்பட்ட நேரம் அது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்று தோன்றும். விரைவாக வேலை செய்யும் பொறி இரண்டிலும் சிறந்திருக்க வேண்டுமன்றோ என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நடைமுறையில் அவை பலவேளைகளில் ஒன்றையொன்று இழுத்துப் பறிக்கும்.

இதற்குக் கொழுந்து லொறியே சான்று. லொறி நிரம்பும்வரை காத்திருந்து புறப்பட்டால், ஒரு நடைக்கு ஏறும் கொழுந்து மிகும். எரிபொருட் செலவு குறையும். நாள் முடிவில் ஏற்றிய மொத்தம் பார்வைக்கு நன்றாயிருக்கும். ஆனால் முதலில் ஏறிய சாக்கு அடியிற் கிடந்து நெரிந்து சூடேறும். அரை லொறி நிறைந்ததுமே புறப்பட்டால் கொழுந்து புதுமை மாறாமற் சென்று சேரும், நடைகளோ இரட்டிக்கும். கணினியும் இவ்வாறே நிகழ்வுகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துச் செயலாக்கும்போது செயல்வீதம் உயரும். கட்டு நிரம்பும்வரை முதல் நிகழ்வு காத்துக் கிடக்கும். எது நல்லது என்பதை லொறியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்றிய பொருள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பார்த்தே சொல்ல முடியும்.

தாமதத்தை அளப்பதென்று முடிவு செய்த பின்னரும் ஒரு பொறி காத்திருக்கின்றது. அது சராசரி. நூறு பெண்கள் கொழுந்து நிறுக்க வந்தனர் என வைத்துக்கொள்ளலாம். அவர்களுள் தொண்ணூற்றைந்து பேர் இரண்டு நிமிடம் காத்தனர். ஐவர் நாற்பது நிமிடம் காத்தனர். மொத்தம் 390 நிமிடம். சராசரி நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அறிக்கையைப் படிப்பவர் மடுவம் செவ்வனே நடக்கின்றதென்று மகிழ்வார். ஆயின் நான்கு நிமிடம் காத்த பெண் ஒருத்திகூட அங்கில்லை. நாற்பது நிமிடம் நின்ற ஐவரும் பெரும்பாலும் தொலைவான மலையிலிருந்து கடைசியாக வந்தவர்களாகவே இருப்பர். பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவந்தவளும் அவர்களுள் ஒருத்தியாகலாம். ஆதலால் அறிந்தோர் சராசரியோடு நில்லாது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிகழ்வுகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன, மிக நீண்ட தாமதம் எவ்வளவு என்றும் கேட்பர். வாலைப் பாராமல் விலங்கை அளந்ததாகச் சொல்லலாகாது என்பது இவ்விடத்துப் பாடம்.

இன்னும் நுட்பமான பிழையொன்று உண்டு. கடிகாரத்தை எப்போது தொடங்குவது? பெண் தராசின் முன் வந்து சாக்கை மாட்டிய கணத்திலிருந்து எண்ணினால், ஒவ்வொருவருக்கும் அரை நிமிடமே ஆயிற்று என்று கொப்பி காட்டும். வரிசையில் நின்ற நேரம் எங்கும் பதிவாகாது. மென்பொருட் சோதனைகளிலும் இப்பிழை மலிந்துள்ளது. பொறி நிகழ்வைக் கையில் எடுத்த கணத்திலிருந்து நேரத்தை எண்ணி, அதற்கு முன் அது வாயிலிற் கிடந்த நேரத்தை மறந்துவிடுகின்றனர். பொறி திணறி நின்ற வேளையிலேதான் வரிசை நீளும். அந்த வேளையே கணக்கில் விடுபட்டுப் போகும். நிகழ்வு உலகத்தில் எப்போது நடந்ததோ அப்போதே கடிகாரம் ஓடத் தொடங்க வேண்டும்.

வரிசையைப் பற்றிய கணிதம் எளியது, பயனுள்ளது. அமெரிக்க அறிஞர் ஜோன் லிட்டில் 1961 ஆம் ஆண்டில் நிறுவிய விதி ஒன்றுண்டு. ஓரிடத்தில் சராசரியாக நிற்போரின் தொகை, அவர்கள் வரும் வீதத்தையும் ஒருவர் அங்கே தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம் என்பது அது. நிமிடத்துக்கு நால்வர் வந்து, ஒவ்வொருவரும் ஆறு நிமிடம் தங்குவாராயின், மடுவத்தில் எந்நேரமும் ஏறத்தாழ இருபத்துநால்வர் நிற்பர். ஆகவே நேரத்தை அளக்க வழியில்லாதபோது, தலைகளை எண்ணியே நேரத்தை அறியலாம். கணினியிலும், வாயிலிற் தேங்கிய நிகழ்வுகளின் தொகை கூடிக்கொண்டே போகின்றதா என்று பார்ப்பது மிகச் சிறந்த முன்னெச்சரிக்கை.

தராசு முழுநேரமும் ஓய்வின்றி வேலை செய்ய வேண்டும், அதுவே சிக்கனம் என்று நினைப்போரும் உண்டு. வருகையும் நிறுக்கும் நேரமும் ஒழுங்கின்றி அமையும் எளிய நிலையொன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிறுப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். தராசு பாதி நேரம் வேலையாயிருக்கின்றது. அப்போது ஒருவர் உள்ளே வந்து வெளியேற இரண்டு நிமிடம் ஆகும். தராசு பத்தில் ஒன்பது பங்கு நேரம் வேலையாயிருந்தால் பத்து நிமிடம் ஆகும். இருபதிற் பத்தொன்பது பங்கானால் இருபது நிமிடம் ஆகும். முழுக் கொள்ளளவை நெருங்க நெருங்கக் காத்திருப்பு மலைபோல் ஏறுகின்றது. எதிர்பாராத நெருக்கடிக்கு இடம் வைத்திருப்பது வீண்செலவன்று, அதுவே காப்பு.

அவ்வாறாயின் செயல்வீதம், தாமதம் இரண்டையும் எவ்வாறு இணைப்பது? 2004 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ‘லீனியர் ரோட்’ என்னும் சோதனை முறை இதற்கு அழகான விடை தந்தது. கற்பனை நகரமொன்றின் நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்குமிடத்தை அடிக்கடி அறிவிக்கின்றது. நெரிசலுக்கேற்பக் கட்டணத்தைக் கணித்து ஐந்து செக்கனுக்குள் ஓட்டுநருக்குத் தெரிவிக்க வேண்டும். விடை பிழைக்கலாகாது, ஐந்து செக்கனைத் தாண்டலாகாது. இவ்விரண்டு கட்டுப்பாட்டையும் மீறாமல் எத்தனை நெடுஞ்சாலைகளைத் தாங்குகின்றதோ அதுவே பொறியின் மதிப்பெண். இதிலிருந்து பெறும் நெறி யாதெனின், எல்லா அளவுகளையும் ஒருங்கே சிறப்பிக்க முயலாது, சிலவற்றை மீறக்கூடாத எல்லைகளாக நிறுத்தி, எஞ்சியதொன்றை மட்டும் குறிக்கோளாகக் கொள்ளவேண்டும் என்பதாம்.

எல்லை எது, குறிக்கோள் எது என்பதைக் கணினி சொல்லாது. அதை வேலையே சொல்லவேண்டும். அந்த வேலையை மலையகத்தினும் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. ஏனெனில் இங்கே நிகழ்வு என்பது மழை. விடை என்பது உயிர்.

மேற்குச் சரிவிலுள்ள ஹட்டன், நோர்ட்டன் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று மழை கொணரும். கிழக்குச் சரிவிலுள்ள வலப்பனை, பதுளை, கொஸ்லந்தைப் பகுதிகளை ஆண்டின் இறுதி மாதங்களின் மழையே பெரிதும் நனைக்கும். 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் மண் சரிந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடிற்று. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டம் அரநாயக்கையில் அதே அவலம் நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைநாடெங்கும் பல இடங்களில் நிலம் சரிந்தது. வெள்ளையர் காலத்தில் சரிவுகளில் வெட்டிய மேடைகளிலே கட்டப்பட்ட லயங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. மழை இரவில் அவர்களுக்கு நித்திரை இல்லை.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1984 ஆம் ஆண்டில் தோன்றியது. 1990 ஆம் ஆண்டளவில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலிருந்து தொடங்கி, மண்சரிவு அபாயமுள்ள இடங்களை அது படமாக்கி வந்துள்ளது. மழைமானிகளின் அளவைக் கொண்டு எச்சரிக்கை விடுப்பதும் அதன் பணி. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினாலோ வெளியேற்றம் என்பது அது கையாண்டுவரும் பொதுவான படிமுறை. நிகழ்வுச் செயலாக்கத்தின் மொழியில் இவை மிக எளிய விதிகள். ஆயினும் எளிய விதிக்குள்ளேயே அளவுகோலின் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது.

முதலில் செயல்வீதத்தைப் பார்க்கலாம். முந்நூறு மழைமானிகள் நிமிடத்துக்கொரு முறை செய்தி அனுப்புவதாக வைத்துக்கொண்டாலும், செக்கனுக்கு ஐந்து நிகழ்வுகளே வரும். தற்காலப் பொறிகளோ ஒரே கணினியில் செக்கனுக்கு இலட்சத்துக்கு மேற்பட்ட எளிய நிகழ்வுகளைக் கையாளவல்லன. அந்த இலட்சத்தை இரண்டு இலட்சமாக உயர்த்துவதற்குப் பணமும் உழைப்பும் செலவிட்டால், அறிக்கை அழகு பெறும். லயத்தில் உறங்கும் குழந்தைக்கு அதனால் ஒரு செக்கன் பாதுகாப்பும் கூடாது. ஓரிடத்திற் பொருந்தும் அளவுகோல் மற்றோரிடத்தில் வெறும் அலங்காரமாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அடுத்தது, இருபத்துநான்கு மணித்தியாலம் என்பதன் பொருள். இலங்கையில் நாள் மழையைக் காலை 8.30 முதல் மறுநாட் காலை 8.30 வரை கணக்கிடுவது வானிலையாளர் வழக்கம். பதிவேட்டுக்கு அது முற்றிலும் தகும். எச்சரிக்கைக்கு அதுவே அளவானால் என்ன நேரும்? திங்கட்கிழமை நண்பகல் முதல் செவ்வாய்க்கிழமை காலை 8.30 வரை 90 மில்லிமீற்றர் பெய்தது, அதன்பின் 11.30 வரையான மூன்று மணித்தியாலத்தில் 70 மில்லிமீற்றர் பெய்தது எனக் கொள்ளலாம். பதிவேட்டின்படி திங்கள் நாளுக்கு 90. அது விழிப்பு நிலை மட்டுமே. செவ்வாய் நாளுக்கு இதுவரை 70. அதற்கு எச்சரிக்கையே இல்லை. ஆனால் மண்ணுக்குக் காலை 8.30 மணி தெரியாது. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் அது குடித்த நீர் 160 மில்லிமீற்றர். மக்கள் வெளியேறியிருக்க வேண்டிய அளவு. ஆதலின் ஒவ்வொரு புதிய துளியோடும் சேர்ந்து முன்னே நகரும் சாளரமே இங்கு வேண்டும். நகரும் சாளரத்துக்குக் கணினியின் நினைவிடமும் உழைப்பும் சற்றுக் கூடுதலாகத் தேவை. அச்செலவை மிச்சம் பிடிப்பது குறிக்கோளாகிவிட்டால், உயிரை விற்றுச் சில்லறை வாங்கியதாக முடியும்.

மூன்றாவது, வராத செய்தி. பெருமழையில் மின்சாரம் தடைப்படும். தொலைபேசிக் கோபுரம் செயலிழக்கும். மழைமானியின் குரல் அடங்கிவிடும். மென்பொருள் அந்த வெற்றிடத்தைச் சுழி என்று எண்ணினால், மழை மிகக் கொடியதாயுள்ள மலையே வரைபடத்தில் மிக வறண்டதாகத் தோன்றும். மௌனம் வேறு, மழையின்மை வேறு. இத்தனை நிமிடத்துக்கு மேல் ஒரு மானி பேசவில்லையெனில், அம்மௌனத்தையே ஒரு நிகழ்வாகக் கொண்டு மனிதரை எழுப்ப வேண்டும். பிந்தி வந்த செய்தியையும், வந்த நேரத்துக்கு எழுதாமல், மழை பெய்த நேரத்துக்கே எழுத வேண்டும். இவற்றைச் செய்யும் பொறி, இவற்றைச் செய்யாத பொறியைவிடச் சோதனைக் களத்தில் மெதுவாகவே ஓடும். அந்த மெதுவைக் குறையெனக் கருதுவது அறியாமை.

நான்காவது, பிழையின் இரு முகங்கள். ஓராண்டில் 365 நாட்கள். குறித்த மலை ஒரே நாளிற் சரிந்தது எனலாம். என்றுமே எச்சரிக்காத மென்பொருள் ஒன்று 364 நாட்கள் சரியாகவே நடந்திருக்கும். நூற்றுக்கு 99.7 பங்கு சரி என்று அது மார்தட்டலாம். அந்த ஒரு நாளில் அது ஊமையாயிருந்தமையால் அதன் பயன் முழுவதும் பூச்சியம். எனவே மொத்தச் சரிபார்ப்பு என்னும் ஒற்றை எண்ணை நம்பலாகாது. நேர்ந்த சரிவுகளுள் எத்தனையை முன்கூட்டி உரைத்தது, உரைத்தவற்றுள் எத்தனை நேர்ந்தன என்னும் இரு கேள்விகளையும் தனித்தனியே கேட்கவேண்டும்.

ஒன்றைத் தவறவிட்டால் உயிர் போகும். வீணாக எச்சரித்தால் என்ன குறைந்துவிடும் என்று நகரத்தில் இருப்போர் கேட்கலாம். லயத்தில் இருப்போர் அவ்வாறு கேளார். நள்ளிரவில் கிழவியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, வழுக்கும் படிகளில் இறங்கிப் பாடசாலைக்கோ கோவில் மண்டபத்துக்கோ செல்லவேண்டும். ஆடும் கோழியும் அங்கேயே நிற்கும். காம்பராவிற் பொருள் களவு போகலாம். மறுநாட் பிரட்டுக்குப் போகாவிடில் அன்றைய பேர் விழாது. மூன்று முறை ஓடி மூன்று முறையும் மலை அசையாது நின்றால், நான்காம் முறை சிலர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வர். அவர்களைப் பிடிவாதக்காரர் என்பது நேர்மையன்று. ஒவ்வொரு வீண் எச்சரிக்கையும் அடுத்த உண்மை எச்சரிக்கையின் மதிப்பிலிருந்து கடன் வாங்குகின்றது. அக்கடனைக் குறைக்க வழியுண்டு. வெளியேறிய நாளுக்குரிய பேரைக் கழிக்காதிருத்தல், தங்குமிடத்தில் சூடான உணவும் வெளிச்சமும் வைத்தல் ஆகியவை மென்பொருள் விதிகள் அல்ல. ஆனால் மென்பொருளின் எச்சரிக்கை எல்லையை எங்கே வைக்கலாம் என்பதை அவையே தீர்மானிக்கின்றன. வெளியேறுவதன் துன்பம் குறையக் குறைய, எல்லையைத் தாழ்த்தி முன்கூட்டியே எச்சரிக்க இடமுண்டாகும்.

மீரியபெத்தை கற்பிக்கும் பாடம் இவை எல்லாவற்றினும் பெரியது. அந்த மலை அபாயமானது என்பது 2014 ஆம் ஆண்டில் திடீரெனத் தெரிந்ததன்று. அங்கிருந்து மக்கள் இடம்பெயர வேண்டுமென அதற்கு முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அறிவிப்பும் இருந்தது, குடியிருக்க வேறு நிலமும் வீடும் உரிய காலத்திற் கைக்கு வரவில்லை. செய்தி மையத்திலிருந்து புறப்பட்ட கணத்தோடு கடிகாரத்தை நிறுத்திவிட்டால், எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே ஏடு சொல்லும். கடைசிக் குடும்பம் பாதுகாப்பான இடத்தில் காலெடுத்து வைக்கும் கணத்தில் நின்றாலொழிய அந்தக் கடிகாரம் பொய்க் கடிகாரமே.

ஆகவே குறிக்கோளை முடிவிலிருந்து பின்னோக்கி வகுப்பதே முறை. ஒரு தோட்டத்து டிவிசனை எடுத்துக்கொள்ளலாம். அபாய எல்லை தாண்டியதிலிருந்து அறுபது நிமிடத்துக்குள் அனைவரும் வெளியேறியிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. முதியோரோடு இருளில் நடப்பதற்கு முப்பது நிமிடம். காம்பராவுக்குக் காம்பரா தட்டி எழுப்பிப் புறப்படச் செய்வதற்குப் பதினைந்து நிமிடம். பொறுப்பான அலுவலர் பார்த்து உறுதி செய்து செய்தியை அனுப்பப் பத்து நிமிடம். எஞ்சுவது ஐந்து நிமிடம். மழைமானி, தொலைத்தொடர்பு, மென்பொருள் மூன்றும் அந்த ஐந்துக்குள் அடங்கவேண்டும். மென்பொருள் ஒரு செக்கனில் விடை கூறினாலும் பத்து மில்லிச்செக்கனில் கூறினாலும் இக்கணக்கில் வேறுபாடில்லை. மழைமானி பதினைந்து நிமிடத்துக்கொருமுறைதான் பேசுமென்றாலோ, கணக்கு அங்கேயே உடைந்துவிடும். திருத்த வேண்டிய இடம் எதுவென்று இப்பொழுது கண்ணுக்குத் தெரிகின்றது. அது பொறியன்று, மானியின் இடைவெளி. அல்லது உறுதி செய்யும் அலுவலரின் மேசை. அல்லது கைவிளக்கில்லாத அந்தப் படிக்கட்டு.

இனிச் சோதனை. வெயில் நாளின் தரவை ஓட்டிப் பார்த்து மென்பொருளை மெச்சுவது, கோடையிற் கூரையைச் சோதித்த கதை. பதிவிலுள்ள பழைய கொடுமழைகளை, அவை பெய்த வேகத்திலேயே, மானிகள் செயலிழந்த இடைவெளிகளோடும் பிந்தி வந்த செய்திகளோடும் மீண்டும் ஓட்டவேண்டும். எல்லா மலைகளிலிருந்தும் ஒரே வேளையில் நெருக்கடி வரும்போதும் மிக நீண்ட தாமதம் எல்லைக்குள் நின்றதா என்று பார்க்கவேண்டும். மேற்குச் சரிவின் மண்ணும் கிழக்குச் சரிவின் மண்ணும் ஒன்றல்ல. முன்னரே நனைந்து கிடக்கும் மலையும் காய்ந்து கிடக்கும் மலையும் ஒன்றல்ல. ஆதலால் நாடு முழுவதற்கும் ஒரே எண் என்பது தொடக்கமாகலாம், முடிவாகலாகாது.

இவற்றையெல்லாம் ஒரு வரிசையில் நிறுத்தினால் தெரிவு எளிதாகும். தவறவிடாமை முதல் எல்லை. நேரம் இரண்டாம் எல்லை. அதுவும் கடைசிக் குடும்பத்தின் நேரம், சராசரிக் குடும்பத்தின் நேரமன்று. அவ்விரண்டையும் மீறாமல் வீண் எச்சரிக்கையைக் குறைப்பதே குறிக்கோள். செக்கனுக்கு எத்தனை நிகழ்வு, கணினிக்கு எவ்வளவு பணம் என்பவை அவற்றின்பின் வரும். வங்கிக்கு வேறு வரிசை அமையும்; நெடுஞ்சாலைக்கு வேறு வரிசை அமையும். வரிசையை எழுதாமல் வேலையைத் தொடங்குவோர், எளிதாக எண்ணக்கூடியதை எண்ணி, எண்ணியதையே வெற்றியென்று கொள்வர்.

மலையகத்தார் அளவையை நன்கறிந்தோர். ஒரு நாளின் உழைப்பு ஒரு தராசு முள்ளின் அசைவிலே நிற்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்துள்ளனர். தராசு பொய்யாதிருந்தாலும், எதை நிறுக்கின்றது, யாருக்காக நிறுக்கின்றது என்று கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு. அந்தக் கேள்வியையே இன்று கணினிப் பொறியியலாளரிடமும் அவர்கள் கேட்கலாம். அடுத்த மழைக்கு முன் அதற்கு விடை கிடைத்தாக வேண்டும்.